வீட்டுக்கு வரும் வோல்ட் எவ்வளவு? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

பல்லடத்தில் அப்பா தொடங்கிய, மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையை 22 ஆண்டுகளாக நான் நடத்திவருகிறேன். கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்சி, விசைத்தறி மோட்டார் என்று எரிந்துபோனவைதான் என்னிடம் வரும். மூடியைக் கழற்றியதும் காயிலின் நிறத்தைப் பார்ப்பேன். சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால், அது குறைந்த மின்னழுத்தத்தில் திணறிய மோட்டாராகவோ தாங்காத சுமையை இழுத்த மோட்டாராகவோ இருக்கும். மூன்று பேஸ் மோட்டாரில், அதாவது மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும் மோட்டாரில், சில காயில்கள் மட்டும் கருகி, மற்றவை புதிதுபோல இருந்தால், ஒரு பேஸ் அறுந்த பிறகும் ஓடியிருக்கிறது என்று பொருள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் ஊசி குத்தியதுபோலக் கரும்புள்ளி தெரிந்தால், மின்னலோ வேறு ஏதோ திடீர் அழுத்தமோ கம்பியின் மேல்பூச்சைத் துளைத்திருக்கும்.

"அம்மணி, புதுக் கம்பியை எடுக்கும் முன்னால் பழைய கம்பி எப்படி வெந்தது என்று பார்" என்பார் அப்பா. காரணம் தெரியாமல் காயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதே மோட்டார் ஆறு மாதத்தில் திரும்பி வரும். அந்தப் பணத்தை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம். வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லோ வோல்டேஜ்தானே அக்கா? ஸ்டெபிலைசர் வாங்கிவிடட்டுமா?" நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை வோல்ட் இருந்தது? எத்தனை மணிக்கு? அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது? பெரும்பாலும் மூன்றுக்கும் பதில் இருக்காது. அந்தப் பதில்களை நீங்களே எடுப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

230 என்பது ஓர் எண் மட்டும்தானா?

நம் வீடுகளுக்கான பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்சாரம் வரும் கம்பியான பேஸுக்கும், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் வருவது இது. இரண்டு பேஸ்களுக்கு இடையே அளந்தால் 400 வோல்ட். முன்பு 240, 415 என்று சொல்வார்கள். பழைய வயர்மேன்கள் வாயில் இன்றும் 440 என்றுதான் வரும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், வீட்டு இணைப்புகளில் சொன்ன அளவிலிருந்து 6 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 230-இல் 6 சதவீதம் என்றால் 216 முதல் 244 வரை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மெயின் போர்டுக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதை ஒரு பேஸுக்குக் கணக்கிட்டால் 250. கம்பி நெடுக வரும்போது வழியில் கொஞ்சம் இழப்பு ஏற்படும் என்பதால் கூடுதலாகவே வைத்துக் கிளப்புகிறார்கள். ஆகவே டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டில் ஊர் உறங்கும் நேரத்தில் 245, 248 என்று காட்டும். அதே கம்பியின் கடைசி வீட்டில், எல்லோரும் தண்ணீர் மோட்டாரும் ஏ.சி.யும் போட்ட மாலையில் 190 காட்டும். வாய்க்காலின் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு இது. கடைமடைக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையே இல்லை. சொன்ன உடனே தலையசைப்பார்.

எந்தச் சாமானுக்கு எது ஆகாது

எல்லாச் சாமான்களும் மின்னழுத்தக் குறைவை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. நான்கு இனமாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதலாவது, சூடாக்கும் சாமான்கள்: கீசர், இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர். இவற்றில் அழுத்தம் குறைந்தால் சூடு குறையும், அவ்வளவுதான், கெட்டுப்போகாது. ஆனால் குறைவு நேர்விகிதத்தில் இருக்காது, வர்க்க விகிதத்தில் இருக்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் கீசர் 180 வோல்ட்டில் 1225 வாட்தான் எடுக்கும். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடம் ஆகிற இடத்தில் 27 நிமிடம் ஆகும். கையில் மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே ஓர் அளவுகோல்: காலையில் வழக்கத்தைவிடத் தண்ணீர் சூடாக நேரம் எடுக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது, மோட்டார் இனம். என் வயிற்றுப்பாடு இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஃபிரிட்ஜ், பழைய வகை ஏ.சி., தண்ணீர் மோட்டார், கிரைண்டர் ஆகியவற்றில் இருக்கும் மோட்டாரின் திருகுவிசையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180 வோல்ட்டில் அதன் பலம் 61 சதவீதமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எப்படியோ சமாளித்து, அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, சூடேறிக்கொண்டே ஓடும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டாரின் பாடுதான் பெரிது. கிளம்பும் அந்தக் கணத்தில் எந்த மோட்டாரும் வழக்கமானதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். கிளம்பிவிட்டால் அரை நொடியில் அது தணிந்துவிடும். கிளம்பாவிட்டால் அந்த ஐந்தாறு மடங்கும் காயிலிலேயே நின்று வேகவைக்கும்.

ஃபிரிட்ஜில் இதை நீங்கள் காதாலேயே கேட்கலாம். பின்பக்கம் கம்ப்ரசர் உறுமும், சில நொடிகளில் 'டிக்' என்று நின்றுவிடும், சில நிமிடம் கழித்து மறுபடியும் உறுமி மறுபடியும் 'டிக்'. அந்த 'டிக்' ஓவர்லோடு என்ற சிறு பாதுகாப்புப் பொருள் சூடாகி இணைப்பைத் துண்டிக்கும் ஒலி. அது உங்கள் கம்ப்ரசரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாளுக்கு நூறு முறை காப்பாற்ற அதனால் முடியாது. இந்த ஒலி தொடர்ந்து கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்னழுத்தத்தைப் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதும் ஃபிரிட்ஜை உடனே ஓடவிடாதீர்கள். உள்ளே வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று நிமிடமாவது வேண்டும். அதோடு, மின்சாரம் வந்த அந்த நிமிடத்தில் தெருவில் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புவதால் வோல்ட் தாழ்ந்துதான் இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

மூன்றாவது, மின்னணுச் சாமான்கள்: எல்.இ.டி. தொலைக்காட்சி, மடிக்கணினி, செல்பேசி சார்ஜர். இவற்றில் பலவற்றின் முதுகில் '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். குறைந்த அழுத்தம் இவற்றை ஒன்றும் செய்யாது. வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்துக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதன் பெட்டியில் எந்த வோல்ட் முதல் எந்த வோல்ட் வரை ஓடும் என்று போட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் அது ஓடும். ஆனால் வோல்ட் தாழும்போது உங்கள் சுவருக்குள் இருக்கும் வயர் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இவற்றைக் கொல்வது உயர் அழுத்தம். 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட். இந்தச் சாமான்களுக்குள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளை ஒன்று இருக்கும். வீட்டில் அளவு 300-க்கு ஏறினால் உச்சி 424. 400 வோல்ட் கண்டென்சரின் தலை வீங்கி வெடிப்பது அந்தக் கட்டத்தில்தான்.

நான்காவது, மிக்சி. கார்பன் பிரஷ் வைத்த அந்த மோட்டாரின் குணம் வேறு. அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும், குளிர்விக்கும் விசிறியின் காற்றும் குறையும். 190 வோல்ட்டில் கெட்டியாகச் சட்னி அரைக்கும்போது நாற்றம் வந்தால் அதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே வாங்கிய 120 வோல்ட் டோஸ்டரை நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேல் வாட் எடுக்கும். சில நொடிகளில் கம்பி அறும். வோல்ட்டைக் குறைக்கும் இறக்கு டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது. மோட்டார் உள்ள 60 ஹெர்ட்ஸ் சாமான் 50-இல் மெதுவாகச் சுழன்று கூடுதலாகச் சூடாகும். இங்கிருந்து மிக்சி கொண்டுபோகிறவர்கள் ஏற்று டிரான்ஸ்பார்மர் வாங்கினால், மிக்சியின் வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். கோவைக் கிரைண்டர்களில் 110 வோல்ட்டுக்கென்றே தயாரிக்கும் மாடல்கள் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது நல்லது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அளப்பது எப்படி

மின்வேலை பழக்கமில்லாதவர்கள், பிளக்கில் செருகியதும் எண்ணைக் காட்டும் சிறு டிஜிட்டல் வோல்ட் மீட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தொட வேண்டிய கம்பி எதுவும் இல்லை. டெஸ்டர் எரிகிறது என்பதை வைத்து வோல்ட்டைக் கணிக்க முடியாது. 100 வோல்ட் வந்தாலும் அது எரியும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களில் கவனம் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகிக்கொண்டு பிளக்கைத் தொட்டால் நேரடி ஷார்ட். முகத்தில் தீப்பொறி தெறிக்கும். அடுத்து, திருகுப்பிடி அலைக்கோடு போட்ட ஏ.சி. வோல்ட் பக்கம், 600 அல்லது 750 என்ற எல்லையில் இருக்கட்டும். கால் காய்ந்திருக்க வேண்டும், செருப்பு போட்டிருக்க வேண்டும். மீட்டர் பெட்டியையும் மெயின் போர்டையும் நீங்கள் திறக்க வேண்டாம். மெயின் போர்டுக்கு மிக அருகில் உள்ள பிளக்கில் அளந்தால் போதும். மின்னணு மீட்டர்கள் பலவற்றில் திரை மாறி மாறி வரும்போது வோல்ட் அளவும் ஒரு முறை வந்துபோகும். நின்று பார்த்தால் தெரியும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது எடுக்கும் அளவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் சாதாரண மல்டிமீட்டர் தவறான எண்ணைக் காட்டும்.

இனி நோட்டுப் புத்தகம். ஒரு வாரம், நாளுக்கு நான்கு நேரம்: காலை ஆறரை, பிற்பகல் இரண்டு, மாலை ஏழரை, படுக்கும் முன். ஒவ்வொரு நேரத்திலும் மூன்று எண்கள். வீட்டில் பெரிய சாமான் எதுவும் ஓடாதபோது போர்டு அருகே உள்ள பிளக்கில் ஓர் அளவு. கீசரையோ இஸ்திரிப் பெட்டியையோ போட்டுவிட்டு அதே பிளக்கில் இன்னோர் அளவு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொல்லை தரும் சாமான் இருக்கும் பிளக்கில் மூன்றாவது அளவு. வயர்மேன்கள் பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "வோல்ட் நன்றாக இருக்கிறது" என்று போய்விடுகிறார்கள். சுமை இல்லாதபோது எடுத்த எண், தளர்ந்த இணைப்பைக் காட்டிக்கொடுக்காது. அறுந்துபோகிற நிலையில் இருக்கும் கயிறு, வாளி காலியாக இருக்கும்வரை நன்றாகத்தான் தெரியும்.

மூன்று எண்களையும் இப்படிப் படியுங்கள். முதல் எண்ணே மாலையில் தாழ்ந்தால், குறை தெருவில்: டிரான்ஸ்பார்மரின் தூரம், சுமை, அல்லது உங்கள் பேஸில் வீடுகள் அதிகமாகச் சேர்ந்திருப்பது. முதல் எண் நன்றாக இருந்து, கீசர் போட்டதும் போர்டு அருகிலேயே பத்து வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ மீட்டர் இணைப்பிலோ போர்டிலோ தளர்வு இருக்கிறது. போர்டு அருகே நன்றாக இருந்து, மூன்றாவது எண் மட்டும் இறங்கினால், உங்கள் சுவருக்குள் இருக்கும் வயரிங்கில் குறை. 2000 வாட் சாமான் ஓடும்போது வீட்டுக்குள் ஐந்தாறு வோல்ட் இறங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஆள் அழைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் பார்த்தது

போன மார்கழியில் ஒரு முதிய தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். 14 மாதத்தில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் இரண்டு முறை போய்விட்டது. ஃபிரிட்ஜ் என் வேலை இல்லை. ஆனால் அந்த அம்மா என் அப்பா காலத்து வாடிக்கையாளர். ஃபிரிட்ஜைச் சரிபார்க்க வந்த இரண்டு மெக்கானிக்குகளும் லோ வோல்டேஜ் என்று சொல்லி ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். "நீ வந்து ஒரு தடவை பார்த்துச் சொல் கண்ணு, அப்புறம் வாங்குகிறோம்" என்றார்.

மாலை ஏழரைக்குப் போனேன். தெருவின் கடைசி வீடு. போர்டு அருகே 198. ஃபிரிட்ஜ் பிளக்கில் 197. தாழ்வுதான், ஆனால் கம்ப்ரசரை எரிக்கும் அளவு இல்லை. கீசரைப் போடச் சொன்னேன். போர்டு அருகே 194, ஃபிரிட்ஜ் பிளக்கில் 176. சுமை ஏழு ஆம்பியர் கூட இல்லை. அதற்கு வீட்டுக்குள் மட்டும் 18 வோல்ட் காணாமல் போகிறது. அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் கிளம்பியது. மீட்டரில் கடைசியாகப் பதிந்த குறைந்த அளவு 152. உறுமல், பிறகு 'டிக்'.

கீசருக்கும் ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துப் போன வயரின் நீளத்தை அடி வைத்து அளந்தேன். போக 15 மீட்டர், வர 15 மீட்டர். பழைய 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அந்த நீளத்துக்கு அது நான்கு வோல்ட் தின்னலாம். மீதி 14 வோல்ட் வேறெங்கோ இறங்குகிறது. ஏழு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தில் 14 வோல்ட் ஓரிடத்தில் இறங்கினால் அங்கே 90 வாட்டுக்கு மேல் வெப்பம். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதுபோல. மெயினை இறக்கிவிட்டு இணைப்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். மூன்றாவது பெட்டியில், கீசருக்குப் பின்னாளில் எடுத்த இணைப்பில், முறுக்கிச் சுற்றிய டேப் உருகி வழிந்திருந்தது. சுண்ணாம்பில் பழுப்புக் கறை. அந்த அம்மா அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதன் கீழேதானே பேரப்பிள்ளைகள் படுப்பார்கள்" என்றார். எனக்கு இன்றும் அந்தக் குரல் மறக்கவில்லை.

கீசருக்கு போர்டிலிருந்தே தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தோம், மின்னோட்டம் மீறினால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. ஒன்றைத் தனியாக வைத்தோம். உருகிய இணைப்பை வெட்டியெறிந்து புதிதாக இணைத்தோம். மறுநாள் மாலை, கீசர் ஓடும்போதே ஃபிரிட்ஜ் பிளக்கில் 193. கம்ப்ரசர் ஒரே முயற்சியில் கிளம்பியது. ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தால் அது 176-ஐ 220 ஆக்கிக் காட்டியிருக்கும். சுவருக்குள் டேப் உருகிக்கொண்டே இருந்திருக்கும்.

நியூட்ரல்: இதை மட்டும் கட்டாயம் படியுங்கள்

ஒரு விளக்கு மங்குகிறது, அதே நேரத்தில் இன்னொரு விளக்கு பளீரென்று எரிகிறது. மிக்சி போட்டால் கூடத்து விளக்கின் ஒளி கூடுகிறது. இப்படி ஏதாவது கண்டால் காரணம் தேட வேண்டாம். உடனே மெயினை இறக்குங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது, அல்லது அறுந்துகொண்டிருக்கிறது.

மூன்று பேஸ் வீட்டில் மூன்று பேஸ்களும் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒற்றைக் கம்பி விட்டுப்போனால் ஒரு பேஸில் உள்ள சாமானும் இன்னொரு பேஸில் உள்ள சாமானும் வரிசையாகச் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கும் நியாயமாக இருக்காது. ஒரு பேஸில் 2000 வாட் கீசரும் இன்னொன்றில் 100 வாட் அளவுக்குச் சில விளக்குகளும் மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், கீசருக்கு 19 வோல்ட், விளக்குகளுக்கு 381 வோல்ட். சிறிய சாமான்தான் அடி வாங்கும். தெருக் கம்பியில் நியூட்ரல் அறுந்தால் இதே கதை வீடு வீடாக நடக்கும். ஒற்றைப் பேஸ் வீடுகளும் தப்பாது.

2016-இல் என் பெரியம்மா வீட்டில் இது நடந்தது. மெயின் போர்டில் நியூட்ரல் திருகு நாள்பட்டுத் தளர்ந்திருந்தது. "அம்மணி, ஃபேன் பறக்கிறது, டி.வி. பக்கம் பட்டாசு மாதிரி சத்தம்" என்று தொலைபேசியில் பதறினார். "முதலில் மெயினை இறக்குங்கள் பெரியம்மா, பிறகு பேசலாம்" என்றேன். இறக்குவதற்குள் தொலைக்காட்சி, இணையப் பெட்டி, இரண்டு விளக்குகள் போய்விட்டன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

தடுக்க என்ன செய்யலாம்? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, மெயினை இறக்கிவிட்டு, போர்டின் எல்லாத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள், நியூட்ரல் பட்டையை முதலில். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் பீங்கான் ஃபியூஸ் போட்டிருப்பார்கள். அது உருகினாலும் நியூட்ரல் அறுந்ததற்குச் சமம், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நியூட்ரலை நேராக இணைக்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் வீட்டில், அழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டித்துச் சரியானதும் சற்றுப் பொறுத்து இணைக்கும் வோல்டேஜ் புரொடக்டர் ஒன்றைப் போர்டிலேயே வைப்பது நல்ல செலவு. மின்னலுக்கென்று விற்கும் சர்ஜ் அரெஸ்டர் இந்த வேலையைச் செய்யாது. நொடியில் வந்து மறையும் அழுத்தத்தைத்தான் அது வாங்கிக்கொள்ளும்.

நியூட்ரல் போய்விட்டது என்று எர்த் கம்பியை நியூட்ரலாக மாட்டி ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த எர்த்தில் எங்காவது தளர்வு வந்தால் உங்கள் ஃபிரிட்ஜின் கைப்பிடியிலும் கிரைண்டரின் உடம்பிலும் மின்சாரம் நிற்கும். தண்ணீர்க் கையோடு முதலில் தொடுபவர் வீட்டுப் பெண்தான்.

ஸ்டெபிலைசர் எப்போது

நோட்டுப் புத்தகத்தின் முதல் எண்ணே, அதாவது வீட்டில் எதுவும் ஓடாதபோது எடுத்த எண்ணே, நாள்தோறும் 190-க்குக் கீழே இறங்குகிறது என்றால் ஃபிரிட்ஜுக்கும் பழைய வகை ஏ.சி.க்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். வாங்கும்போது உள்வரும் அளவின் கீழ் எல்லையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் 165 வரை இறங்கினால், 170-இல் தொடங்கும் ஸ்டெபிலைசர் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். மின்சாரம் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருந்து இணைக்கும் வசதி இருக்க வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 கே.வி.ஏ. என்பது வழக்கமான அளவு.

ஸ்டெபிலைசர் மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வெளியே 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் கொடுக்க, 170 வோல்ட் வரும் கம்பியிலிருந்து 11 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். தெருவில் பத்து வீடு ஸ்டெபிலைசர் வைத்தால் கம்பியில் மின்னோட்டம் கூடும், கடைமடையில் வோல்ட் இன்னும் தாழும். ஆகவே தெருவின் குறையைத் தெருவிலேயே தீர்க்கப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

அந்த முதிய தம்பதியிடமும் இதையே சொன்னேன். வயரிங் சரியான பிறகும் மாலையில் போர்டு அருகே 198-ஐத் தாண்டவில்லை. அந்த ஐயா ஓய்வு பெற்ற கணக்கர். ஒன்பது நாள் எண்களை நேரம் போட்டுக் கோடு கிழித்து எழுதியிருந்தார். அந்தத் தாளின் நகலோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்தார். 'லோ வோல்டேஜாக இருக்கிறது' என்ற வாய்ச்சொல்லுக்கும், 'மாலை 7.30-க்கு 198, இரவு 11-க்கு 229' என்ற தாளுக்கும் கிடைக்கும் மதிப்பு வேறு. இரவில் நன்றாக இருந்து மாலையில் தாழ்வது, அந்தப் பேஸில் சுமை கூடியிருப்பதன் அடையாளம் என்று பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது. லைன்மேன் வந்து கம்பத்தில் மூன்று பேஸையும் அளந்து, சுமை குறைந்த பேஸுக்கு அவர்கள் வீட்டு சர்வீஸை மாற்றிக் கட்டினார்.

அன்று மாலை அந்த அம்மா தொலைபேசியில் அழைத்து எண்களைப் படித்தார். போர்டு அருகே 213. கீசர் ஓடும்போது 209. ஃபிரிட்ஜ் பிளக்கில் 208.